கார் முள் சொல்வது நிஜமா?



இந்தத் தடவை பொடி வகையும் இல்லை, பிள்ளை வளர்ப்பும் இல்லை. காரைப் பற்றி எழுதப் போகிறேன். பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள்! இன்றைக்கு நம்மில் எத்தனையோ பேர் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடவும், மாமனாரை டாக்டரிடம் அழைத்துப் போகவும் தாங்களே கார் ஓட்டுகிறோம். ஓட்டாதவர்கள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, "கொஞ்சம் மெதுவாப் போங்களேன்" என்று சொல்லிக்கொண்டு வருகிறோம். "அறுபதுதாம்மா போறேன்" என்று பதில் வரும். அந்த அறுபது நிஜமான அறுபதுதானா? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

பல வீடுகளில் கூடத்துக் கடிகாரத்தைப் பத்து நிமிஷம் முன்னால் தள்ளி வைத்திருப்பார்கள். பிள்ளைகள் ஸ்கூல் வேனைத் தவறவிடக் கூடாதே என்றுதான். முதல் வாரம் எல்லோரும் அரக்கப் பரக்கக் கிளம்புவார்கள். இரண்டாம் வாரம், "இன்னும் பத்து நிமிஷம் இருக்கு, இந்தக் கடிகாரம் ஃபாஸ்ட்" என்று வீட்டில் சின்னது கூடக் கணக்குப் போட ஆரம்பித்துவிடும். மூன்றாம் வாரம் வேன் போயே போய்விடும்!

காரில் இருக்கும் ஸ்பீடாமீட்டரும் இப்படி முன்னால் தள்ளி வைத்த கடிகாரம் மாதிரிதான். நிஜத்தைவிடக் கொஞ்சம் கூடவே காட்டும். இதைத் தெரிந்துகொள்வது நல்லதுதான். தெரிந்துகொண்ட பிறகு நம் வீட்டார் என்ன செய்கிறார்கள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த சின்னப் பெட்டி

என் கொழுந்தனார் புதிதாக எது வந்தாலும் வாங்கிப் பார்க்கிறவர். போன தடவை வந்தபோது உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டி கொண்டு வந்தார். அதை டாஷ்போர்டின் மேல் வைத்து ஒயரைச் சொருகினால், கார் போகிற வேகம் முன் கண்ணாடியில் பச்சை எண்ணாகத் தெரிகிறது. ரோட்டைப் பார்த்துக்கொண்டே வேகத்தையும் பார்க்கலாம். இதற்கு 'ஹெட்-அப் டிஸ்ப்ளே' என்று பெயர். தலையைக் குனியாமல் பார்க்கிற திரை என்று அர்த்தம் வைத்துக்கொள்ளுங்கள்.

திருச்சியிலிருந்து சமயபுரம் தாண்டிப் பாடாலூர் பக்கம் போனோம். ஓட்டியது என் வீட்டுக்காரர். காரின் முள் 80-ல் நிற்கிறது. கண்ணாடியில் 75 என்று தெரிகிறது. கொழுந்தனாருக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தீங்களா அண்ணி! இத்தனை நாளா இந்தக் கார் நம்மளை ஏமாத்திட்டிருக்கு. அண்ணே, இன்னும் அஞ்சு சேர்த்து மிதிங்க. அப்பதான் நிஜமான எண்பது."

பின் சீட்டில் இருந்த என் மாமியார், "எதுக்குடா அவனை முடுக்குறே? எண்பது போனா என்ன, எழுபத்தஞ்சு போனா என்ன, கோயில் நடை அஞ்சு மணிக்கா சாத்தப்போறாங்க?" என்றார். நாங்கள் சிரித்துவிட்டோம். ஆனால் எனக்கு அந்தப் பேச்சு மனதில் நின்றுவிட்டது. கார் ஏமாற்றியதா? அந்த ஐந்து கிலோமீட்டர் எங்கே போயிற்று? அப்புறம் படித்தும், எங்கள் ஊர் மெக்கானிக்கிடம் கேட்டும் தெரிந்துகொண்டதை உங்களுக்குச் சொல்கிறேன்.

வேண்டுமென்றேதான் கூடக் காட்டுகிறார்கள்

முதலில் இந்த முள் எப்படி ஆடுகிறது என்று பார்ப்போம். 1902-ல் ஜெர்மனியில் ஓட்டோ ஷூல்ட்சே என்பவர் ஒரு முறைக்குக் காப்புரிமை வாங்கினார். கார் ஓட ஓட ஒரு நீளமான கம்பி முறுக்கிக்கொண்டே சுற்றும். அதன் நுனியில் ஒரு காந்தம். காந்தத்தைச் சுற்றி, தொடாமல், ஒரு சின்ன அலுமினியக் கிண்ணம். காந்தம் சுற்றும்போது கிண்ணத்தையும் தன்னோடு இழுக்கப் பார்க்கும். மெல்லிய சுருள் கம்பி ஒன்று கிண்ணத்தை இழுத்துப் பிடித்திருக்கும். வேகம் கூடக் கூடக் கிண்ணம் கூடத் திரும்பும். அதோடு ஒட்டிய முள்ளும் திரும்பும். நம் அப்பா காலத்து அம்பாசிடரில் முள் கிடுகிடுவென்று ஆடியது ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கம்பி தேய்ந்துபோனால் அப்படித்தான் ஆடும்.

இப்போதைய கார்களில் கம்பியும் இல்லை, காந்தக் கிண்ணமும் இல்லை. சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றியது என்று ஒரு சென்சார் எண்ணிச் சொல்கிறது. காரிலுள்ள கம்ப்யூட்டர் அதை வேகமாக மாற்றி முள்ளை நகர்த்துகிறது. எண்ணுவதில் தப்பு வராது. பிறகு ஏன் வித்தியாசம்?

ஐக்கிய நாடுகள் சபையின் வாகன ஒழுங்குமுறைகளில் 39-ஆவது ஸ்பீடாமீட்டருக்கானது. ஐரோப்பிய நாடுகள் முதல் பல நாடுகள் இதைப் பின்பற்றுகின்றன. அது சொல்வது இரண்டே விஷயம். ஒன்று, மீட்டர் எந்தக் காலத்திலும் நிஜ வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது. இரண்டு, கூடக் காட்டலாம். ஆனால் நிஜ வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதோடு 4 கிலோமீட்டரும் சேர்ந்த அளவுக்கு மேல் போகக் கூடாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நிஜமாக 40-ல் போனால் மீட்டர் 40 முதல் 48 வரை காட்டலாம். 60-ல் போனால் 60 முதல் 70 வரை. 80-ல் போனால் 80 முதல் 92 வரை. 100-ல் போனால் 114 வரை கூடக் காட்டலாம். காட்டக் கூடாதது 99!

காரணம் எளிது. குறைத்துக் காட்டுகிற மீட்டரை நம்பிப் போனால் ஆபத்து. கூடக் காட்டுகிற மீட்டரை நம்பிப் போனால் மிஞ்சிப் போனால் ஒரு நிமிஷம் தாமதம். அதனால் எந்தப் பக்கம் தப்பினாலும் பாதுகாப்பான பக்கமாகத் தப்பட்டும் என்று கம்பெனிக்காரர்கள் கொஞ்சம் ஏற்றியே வைக்கிறார்கள். மாவு பிசையும்போது தண்ணீரைக் குறைத்தே ஊற்றுவோம் இல்லையா? அதே புத்திதான். எங்கள் காரில் 75-க்கு 80 காட்டியது ஏமாற்று இல்லை. கட்டுக்குள் அடங்கிய அளவுதான்.

சூட்சுமம் டயரில் இருக்கிறது

சரி, ஏன் ஏற்றி வைக்க வேண்டும்? அச்சாக நிஜ வேகத்தையே காட்டினால் என்ன? இங்கேதான் டயர் வருகிறது.

கார் எண்ணுவது சக்கரத்தின் சுற்றைத்தான். சின்னக் கார் டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 1.9 மீட்டர் உருளும். அப்படியானால் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 525 சுற்று. டயர் புதிதாக இருக்கும்போது பட்டன் சுமார் 8 மில்லிமீட்டர் உயரம் இருக்கும். தேய்ந்து தேய்ந்து 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். அப்போது சக்கரம் சிறுத்துப்போய், அதே ஒரு கிலோமீட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு சுற்று கூடச் சுற்றும். கம்ப்யூட்டருக்கு டயர் தேய்ந்தது தெரியாது. சுற்றை மட்டும் எண்ணி, "ஓ, கூடத் தூரம் போய்விட்டோம்" என்று நினைத்துக்கொள்ளும். சுமார் 2 சதவீதம் வரை இப்படி வித்தியாசம் வரும். காற்றுக் குறைந்தாலும் ஓரளவு இதே கதைதான்.

தேய்ந்த டயரால் மீட்டர் கூடத்தான் காட்டும். அதனால் வேக விஷயத்தில் பயமில்லை. மழையில் வழுக்கும் என்பது வேறு பயம். எதிர்ப்பக்கம்தான் கவனிக்க வேண்டியது. "வண்டி கம்பீரமா இருக்கும் சார்" என்று சொல்லிச் சில இடங்களில் பெரிய டயர் மாட்டிவிடுகிறார்கள். அங்கே மீட்டர் குறைத்துக் காட்ட ஆரம்பிக்கும்.

டயரின் பக்கவாட்டில் 165/80 R14 என்பது போல எழுதியிருக்கும். படிப்பது சுலபம். 165 என்பது அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு உயரம் என்று அர்த்தம். அதாவது 132 மில்லிமீட்டர். 14 என்பது நடுவில் இருக்கும் இரும்பு வளையத்தின் அளவு, அங்குலத்தில், மில்லிமீட்டரில் 356. மேலும் கீழும் சேர்த்து இரண்டு 132, அதோடு 356. மொத்தம் 620 மில்லிமீட்டர் உயரச் சக்கரம்.

இதே காருக்கு 185/80 R14 மாட்டினால்? 185-ல் எண்பது பங்கு 148. இரண்டு 148, அதோடு 356. மொத்தம் 652. ஐந்து சதவீதம் பெரிய சக்கரம். முன்பு முள் 80 காட்டியபோது நிஜம் 80 என்று வைத்துக்கொண்டால், இப்போது அதே முள் 80 காட்டும்போது நிஜம் 84. கம்பெனிக்காரர்கள் விட்டுவைத்த இடைவெளி அங்கேயே கரைந்துபோகும்.

ஆகவே டயர் மாற்றும்போது பில்லில் இருக்கும் அளவையும், டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவையும் ஒத்துப் பாருங்கள். ஸ்டிக்கர் இல்லாவிட்டால் காரோடு கொடுத்த புத்தகத்தில் இருக்கும். பால் கணக்கு, பேப்பர் கணக்குப் பார்க்கிற நமக்கு இது ஒரு பெரிய வேலையா?

செலவில்லாத சோதனை

உங்கள் கார் முள் எவ்வளவு கூடக் காட்டுகிறது என்று தெரிந்துகொள்ள எந்தப் பெட்டியும் வாங்க வேண்டாம். தேசிய நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கல் இருக்கிறது, கைப்பேசியில் ஸ்டாப்வாட்ச் இருக்கிறது. இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஓட்டுவது மட்டும். கல்லைப் பார்ப்பதும் நேரம் பார்ப்பதும் மற்றவர் வேலை. ஓட்டுகிறவர் கையில் போனைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

நெரிசல் இல்லாத நேரமாக, நேரான சாலையாகப் பாருங்கள். முள்ளைச் சீராக 60-ல் வைக்கச் சொல்லுங்கள். ஒரு கல் தாண்டும்போது ஸ்டாப்வாட்சைத் தட்டுங்கள். மணிக்கு 60 என்றால் நிமிஷத்துக்கு ஒரு கிலோமீட்டர். அடுத்த கல் சரியாக 60 விநாடியில் வந்தால் முள் சொல்வது அச்சு நிஜம். 63 விநாடி ஆனால் நிஜ வேகம் 57. 65 விநாடி ஆனால் 55. வேறு விநாடி வந்தால் 3600-ஐ அந்த விநாடியால் வகுத்துக்கொள்ளுங்கள். வருவதுதான் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கு.

ஒரு கல்லோடு நிறுத்திவிடாதீர்கள். ரோடு அகலப்படுத்தும்போது சில கற்களை நகர்த்தி நட்டிருப்பார்கள். ஐந்து கிலோமீட்டருக்குச் சேர்த்துப் பார்த்தால் கணக்குத் தப்பாது. நாங்கள் முள்ளை 80-ல் வைத்துப் பார்த்தோம். ஐந்து கிலோமீட்டருக்குச் சரியாக நான்கு நிமிஷம் ஆயிற்று. அப்படியென்றால் நிஜ வேகம் 75. கொழுந்தனாரின் பெட்டி சொன்னதும் அதேதான். பெட்டியைக் குறை சொல்ல முடியாது!

கண்ணாடியில் தெரியும் எண்

இந்த டிஸ்ப்ளே முதலில் சண்டை விமானங்களுக்காக வந்தது. விமானி குனிந்து மீட்டரைப் பார்க்கிற நேரத்தில் எதிரி விமானம் எங்கேயோ போய்விடுமே! கார்களில் 1988-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி தன் ஓல்ட்ஸ்மொபைல் கார் ஒன்றில் வைத்தது. நம் நாட்டில் 2022-ல் வந்த மாருதி பலேனோவின் உயர்ந்த மாடலில் கம்பெனியே வைத்துக் கொடுத்தது. கம்பெனி வைக்காத கார்களுக்கு வெளியில் வாங்கி மாட்டும் பெட்டிகள்தான் இப்போது கடைகளில் நிறைய வருகின்றன.

அவற்றில் மூன்று வகை.

முதல் வகை, காரின் கம்ப்யூட்டரிலிருந்தே வேகத்தை வாங்குவது. ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்கால் பக்கமாக, பதினாறு ஓட்டை உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். சர்வீஸ் சென்டரில் கோளாறு பார்க்க அதில்தான் மெஷினைச் சொருகுவார்கள். இந்தப் பெட்டியும் அதில்தான் சொருகும். கம்ப்யூட்டர் வைத்திருக்கும் எண்ணை அப்படியே காட்டுவதால், ஏற்றிக் காட்டும் முள்ளோடு பல கார்களில் ஒத்துப்போகாது. ஆனால் இதுவும் சக்கரச் சுற்றை வைத்துத்தான் சொல்கிறது. டயரின் அளவு மாறினால் இதுவும் தப்பும்.

இரண்டாவது வகை, ஜி.பி.எஸ். வானத்தில் உள்ள செயற்கைக்கோள்களிலிருந்து வேகத்தைக் கணக்கிடுவது. எங்கள் வீட்டுக்கு வந்தது இந்த ரகம். டயர் எப்படி இருந்தாலும் இதற்குக் கவலை இல்லை. திறந்த வெளியில், சீரான வேகத்தில் போகும்போது இது சொல்வதை நம்பலாம். ஆனால் சட்டென்று பிரேக் போட்டால் எண் மாறச் சற்றுத் தாமதம் ஆகும். சப்வேயில் நுழைந்தாலும், மேம்பாலத்துக்கு அடியில் போனாலும் எண் நின்றுபோகும், இல்லாவிட்டால் குழறும். ஊருக்குள் ஓட்டுகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

மூன்றாவது, கைப்பேசியிலேயே ஒரு ஆப் போட்டு, எண்ணைத் தலைகீழாகக் காட்டி, கண்ணாடியில் பிரதிபலிக்க வைப்பது. இதுவும் ஜி.பி.எஸ்.தான். பகலில் சரியாகவே தெரியாது. நடுவில் யாராவது போன் பண்ணினால் எண் போய்ப் பெயர் வந்து நிற்கும். இதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இதனால் பலன் இல்லையா என்றால், இருக்கிறது. மணிக்கு 60-ல் போகும் கார் ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் போகிறது. 80-ல் 22 மீட்டர். ஒரு விநாடி குனிந்து முள்ளைப் பார்த்தால், நம் தெருவில் நாலைந்து வீட்டைப் பார்க்காமலே தாண்டிவிட்டோம் என்று அர்த்தம். பார்வை ரோட்டிலேயே இருக்கும்படி எண் தெரிவது நல்லதுதான். ஆனால் கண் ரோட்டுப் பக்கம் இருப்பதாலேயே கவனமும் ரோட்டில் இருக்கிறது என்று சொல்ல முடியாது. டி.வி. ஓடும்போது கண் அதன் மேல் இருக்க, மனது அடுப்பில் இருப்பதில்லையா? எண்ணையே பார்த்துக்கொண்டு போனால், எண்ணுக்குப் பின்னால் சைக்கிளில் வருகிற பையன் தெரிய மாட்டான்.

வாங்குகிறவர்கள் கவனிக்க

வீட்டில் யாராவது வாங்கியே தீருவேன் என்றால், நீங்கள் கேட்க வேண்டியவை இவை:

1. பெட்டியை எங்கே வைக்கப் போகிறார்கள்? டாஷ்போர்டில் 'ஏர்பேக்' என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும் இடத்தின் மேல் எதையும் வைக்கக் கூடாது, ஒட்டவும் கூடாது. மோதும்போது அந்த மூடி பிய்த்துக்கொண்டு திறக்கும். மேலே இருக்கும் பெட்டி கல்லாகப் பறந்து நம் முகத்துக்கு வரும். பிள்ளையார் பொம்மைக்கும் இதே விதிதான்.

2. ஒயர் எங்கே போகிறது? ஸ்டீயரிங்கிலோ, பிரேக் மிதிக்கும் காலிலோ மாட்டாமல் ஓரமாகச் செருகியிருக்க வேண்டும். பெட்டியும் நழுவாமல் அழுத்தமாக ஒட்டியிருக்க வேண்டும்.

3. எண் இரட்டையாகத் தெரிகிறதா? முன் கண்ணாடி இரண்டு கண்ணாடிகளை நடுவில் ஒரு ஏடு வைத்து ஒட்டியது. உள்பக்கத்தில் ஒரு பிம்பம், வெளிப்பக்கத்தில் ஒரு பிம்பம் என்று விழும். கம்பெனியே கண்ணாடியில் எண் விழும்படி செய்த கார்களில் அந்த ஏட்டை ஒரு பக்கம் தடிப்பாகச் செய்து இதைச் சரி பண்ணுவார்கள். வெளிப் பெட்டிகளோடு ஒரு சின்ன ஒட்டுத்தாள் தருவார்கள். அதை ஒட்டினால் ஓரளவு சரியாகும். ஆனால் ரோட்டை மறைக்கிற இடத்தில் ஒட்டாதீர்கள்.

4. வெளிச்சம் எப்படி? நம் ஊர் உச்சி வெயிலில் பல பெட்டிகளின் எண் மங்கிவிடும். ராத்திரியில் அதே எண் கண்ணைக் கூசும். வெளிச்சத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் ரகம்தான் உதவும். 'போலரைஸ்டு' கூலிங்கிளாஸ் போடுகிறவர்களுக்கு எண் சுத்தமாகத் தெரியாமலே போகலாம். போட்டுப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

5. காரை நிறுத்தியதும் அணைகிறதா? சாக்கெட்டில் சொருகிய பெட்டி அணையாமல் இருந்தால், ஊருக்குப் போய்த் திரும்பி வரும்போது பேட்டரி இறங்கியிருக்கும். கார் வாரண்டியில் இருந்தால், மாட்டுவதற்கு முன் சர்வீஸ் சென்டரில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதும் நல்லது.

இன்னொன்று. 2019 ஜூலை 1 முதல் நம் நாட்டில் செய்யும் கார்களில், 80-ஐத் தாண்டினால் விட்டுவிட்டும் 120-ஐத் தாண்டினால் ஓயாமலும் ஒலிக்கும் எச்சரிக்கை மணி கட்டாயம். "இந்தச் சத்தம் தொல்லையா இருக்கு, கட் பண்ணிடலாம்" என்று வீட்டில் யாராவது சொன்னால் விடாதீர்கள். பாட்டி இருமினால் வீட்டில் எல்லோரும் அடங்குவது மாதிரி, அந்தச் சத்தத்துக்கும் ஒரு மரியாதை இருக்கட்டும்.

அந்த ஐந்து கிலோமீட்டர்

இப்போது கொழுந்தனார் சொன்ன பேச்சுக்கு வருகிறேன். "நிஜம் எழுபத்தஞ்சுதானே, இன்னும் அஞ்சு போகலாமே!" சட்டத்துக்கு உட்பட்ட ரோட்டில் அது குற்றமில்லை என்றே வைத்துக்கொள்வோம். என்ன லாபம்? இருபது கிலோமீட்டர் போக 75-ல் பதினாறு நிமிஷம். 80-ல் பதினைந்து நிமிஷம். மிச்சம் ஒரு நிமிஷம். காபி ஆற்றக்கூடப் போதாது.

நஷ்டம் என்ன என்று பாருங்கள். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் போட்டு நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். 50-க்கும் 60-க்கும் பத்துதானே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் பிரேக் பிடித்த பிறகு வண்டி இழுத்துக்கொண்டு போகும் தூரம் நூற்றுக்கு 44 பங்கு கூடிவிடுகிறது. 75-லிருந்து 80-க்குப் போனாலே நூற்றுக்கு 14 பங்கு கூடும்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இன்னும் நெஞ்சில் தைக்கிறது. சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிர்ச்சேத விபத்து நேரும் அபாயம் நான்கு சதவீதம் கூடுகிறது. நடந்து போகிறவர் மேல் கார் முன்பக்கமாக மோதும்போது, 50-ல் மோதுவதைவிட 65-ல் மோதினால் அவர் இறந்துபோகும் அபாயம் நாலரை மடங்கு. காரில் இருப்பவர்களுக்குப் பெல்ட் இருக்கிறது, ஏர்பேக் இருக்கிறது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரோட்டைக் கடக்கும் குழந்தைக்கு என்ன இருக்கிறது? நம் காரின் வேகம் ஒன்றுதான்.

முள்ளுக்கும் நிஜத்துக்கும் நடுவில் இருக்கும் அந்த ஐந்து, ஓட்டுகிறவருக்குக் கிடைத்த சில்லறை என்று நினைக்கக் கூடாது. அது அந்தக் குழந்தைக்காக விட்டுவைத்த இடம். அதை எடுத்துச் செலவழிக்க நமக்கு உரிமை கிடையாது.

இதைத்தான் நான் கொழுந்தனாரிடம் சொன்னேன். "தம்பி, பெட்டி நல்ல பெட்டிதான், நிஜத்தைத்தான் சொல்லுது. ஆனா நிஜம் தெரிஞ்சதும் கால் தானா அழுத்துதே, அதுக்கு என்ன பண்றது?" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பொய் சொல்ற முள்ளை நம்பச் சொல்றீங்களா அண்ணி?" என்று கேட்டார். "முள்ளு சொல்ற கணக்குல வேகத்தை வெச்சுக்குங்க. பெட்டியை, டயர் மாத்தினப்புறம் முள்ளு குறைச்சுக் காட்டுதான்னு பார்க்க வெச்சுக்குங்க. ரெண்டுல எது கூடக் காட்டுதோ அதை நம்புங்க" என்றேன். என் வீட்டுக்காரர் முன்னால் இருந்து, "இது நல்ல தீர்ப்பு" என்றார். இன்றும் கொழுந்தனார் காரில் அந்தப் பெட்டி இருக்கிறது. ஊருக்குள் வந்தால் அணைத்துவிடுகிறாராம்.

அபராதத்துக்குப் பயந்தாவது நிதானமாகப் போகலாம். ரோட்டில் போலீஸார் வைத்திருக்கும் கருவி நம் முள்ளைக் கேட்பதில்லை, நிஜ வேகத்தைத்தான் பிடிக்கிறது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி கார் வேகம் மீறினால் ஆயிரம் முதல் இரண்டாயிரம் ரூபாய். சென்னையில் 2023 நவம்பரில் போக்குவரத்துப் போலீஸார் அறிவித்த அளவுப்படி காருக்கு 60, குடியிருப்புத் தெருக்களில் எந்த வண்டிக்கும் 30. முள்ளை 30-ல் வைத்துப் போனால், பெரிய டயர் மாட்டாத வரைக்கும், நிஜம் 30-ஐத் தாண்டாது. வேறு என்ன உத்தரவாதம் வேண்டும்?

குறித்து வைத்துக்கொள்ள

• காரின் முள் நிஜத்தைவிடச் சற்றுக் கூடக் காட்டுவது கோளாறு இல்லை. மாற்றச் சொல்லிச் சண்டை போட வேண்டாம்.

• கிலோமீட்டர் கல்லை வைத்துப் பார்த்து, முள்ளைவிட நிஜ வேகம் கூட வந்தால் உடனே டயர் அளவைப் பாருங்கள். சரியான டயராக இருந்தும் அப்படி வந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். கவலைப்பட வேண்டியது இதற்குத்தான்.

• மாதம் ஒரு முறை டயர் காற்று. டயர் மாற்றும்போதெல்லாம் பில்லில் அளவு.

• கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்காராதீர்கள். பின்பக்கம் பார்த்தபடி வைக்கும் குழந்தை சீட்டை, ஏர்பேக் வேலை செய்யும் முன் சீட்டில் ஒருபோதும் மாட்டாதீர்கள். குழந்தைக்குப் பின் சீட்டுதான்.

• பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கோயில் வாசல் என்றால் எந்த எண்ணையும் பார்க்க வேண்டாம். ஆட்களைப் பாருங்கள்.

நெடுஞ்சாலைப் பக்கம் போகிற சகோதரிகள் ஸ்டாப்வாட்ச் சோதனையைச் செய்து பார்த்துவிட்டு, முள் 60-ல் இருக்கும்போது கல்லுக்குக் கல் எத்தனை விநாடி வந்தது என்று எனக்கு எழுதுங்கள். எந்த வருஷக் கார், டயர் எத்தனை வயது என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். வருகிற கடிதங்களைச் சேர்த்து ஒரு நாள் இங்கேயே போடுகிறேன். அடுத்த இதழில், மழைக்காலத்தில் பள்ளிச் சீருடையை வாடை இல்லாமல் உலர்த்துவது எப்படி என்று பார்ப்போம்.